சிங்கக்காரி

எங்கள் செங்கல் சூளைக்கு வந்த முதல் நாளே அவள் ஒரு லாரி டிரைவரை அடித்தாள். செவிட்டில் விழுந்த ஒரே அறையில் ஆள் நிலை தடுமாறி, காயப்போட்டிருந்த பச்சைக்கல் வரிசையின் மேல் சரிந்தான். அவ்வளவு கல்லும் மறுபடி சேறாகிப் போனது. அவன் எழுந்திருப்பதற்குள் அவள் கூடி நின்றவர்களைச் சுற்றிப் பார்த்து, தன் நெஞ்சில் விரலை வைத்து, "நான்" என்றாள். அப்போது அவளுக்குத் தமிழில் நாலைந்து சொற்கள்தான் தெரியும்.

அவள் உக்ரைன்காரி. ஓடைப்பட்டியில் திராட்சை போட்டிருக்கும் ஒரு குடும்பத்துப் பையன் போல்தாவாவுக்கு டாக்டர் படிக்கப் போனான். படித்து, அங்கேயே வேலை பார்த்து, அவளைக் கல்யாணம் செய்துகொண்டு இருந்தவன், போர் வந்ததும் அவளையும் கூட்டிக்கொண்டு ஊர் திரும்பிவிட்டான். கம்பத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அவனுக்கு வேலை. சுருளிப்பட்டி ஓரத்தில், தோட்டங்களை ஒட்டி ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். அவள் பிறந்த ஊர் போல்தாவா பக்கம் ஒபிஷ்னியா. மண்ணில் மிருகங்கள் செய்வதில் பேர்போன ஊராம். சுட்டெடுக்கச் சூளை வேண்டும் என்று, சுருளி ரோட்டில் இருக்கும் என்னைத் தேடி வந்தார்கள்.

ஸ்கூட்டரில், தக்காளிக் கூடையில் வைக்கோல் போட்டு அவள் கொண்டுவந்தது ஒரு மண் சிங்கம். வயிறு பானை மாதிரி உருண்டை. நாலு குட்டைக் கால்கள். முதுகில் தூக்குவதற்கு ஒரு பிடி. பிடரி முழுக்கச் சுருள் சுருளாக மண்நூல். முகம் மட்டும் சிங்க முகம் இல்லை. புருவமும் கன்னமும் வைத்த மனுஷ முகம். வாயைத் திறந்து எல்லாப் பல்லையும் காட்டிக்கொண்டிருந்தது. டிரைவர் அதைத் தூக்கித் தலைகீழாகப் பிடித்தான். வயிற்றுக்கு அடியில் ஒரு ஓட்டை இருந்தது. அதில் விரலை விட்டு, இங்கே எழுதமுடியாத ஒரு வார்த்தை சொல்லிச் சிரித்தான். மொழி தெரியாவிட்டாலும் அந்தச் சிரிப்பு எந்த ஊரிலும் புரியும். அவள் சிங்கத்தை வாங்கிக் கூடையில் வைத்துவிட்டுத்தான் அறைந்தாள்.

டாக்டர் தம்பி பதறிப்போய், "தெரியாம கை பட்டுருச்சுண்ணே, மன்னிச்சுக்கங்கண்ணே" என்று டிரைவரிடம் கெஞ்சினான். என்ன சொன்னாய் என்று அவள் புருஷனைக் கேட்டாள். சொன்னான். உடனே புருஷன்மேல் பாய்ந்தாளே ஒரு பாய்ச்சல்! சேறு மிதித்துக்கொண்டிருந்தவர்கள் கூட நின்றுவிட்டார்கள். பிறகு டிரைவரின் கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தி, அவன் சட்டைச் சேற்றைத் தட்டிவிட்டு, மறுபடியும் நெஞ்சில் விரலை வைத்து "நான்" என்றாள். தெரியாமல் பட்ட கை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதில் அவ்வளவு குறி.

அவளுக்கு ஒரு பேர் இருந்தது. எங்கள் வாயில் அது நுழையவில்லை. சிங்கக்காரி என்றே ஆகிவிட்டது.

சூளைக் கொட்டகையின் ஒரு மூலையை அவளுக்கு ஒதுக்கிக் கொடுத்தேன். கம்பத்தில் ஒரு லேத்துப் பட்டறையில் சொல்லி, பழைய வாஷிங்மெஷின் மோட்டாரை வைத்துச் சக்கரம் செய்துகொண்டாள். சிங்கத்தின் பிடரிக்கு எந்தக் கருவி என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். இடியாப்ப உழக்கு! அதில் மண்ணை வைத்துப் பிழிந்து, நூல்நூலாக ஒட்டினாள். அதைப் பார்த்த பிறகு எங்கள் சூளை முத்துப்பேச்சி ஒரு மாதம் வீட்டில் இடியாப்பம் செய்யவில்லை.

மண்ணை அவள் பக்குவம் செய்வதைப் பார்த்தால் பிரியமாகச் செய்கிறாள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கண்மாய் மண்ணைக் குவித்துவைத்து உலக்கையால் அடிப்பாள். முந்தின நாள் யாரோடோ சண்டை போட்டு, மிச்சத்தை இன்றைக்குத் தீர்ப்பதுபோல அடிப்பாள். முத்துப்பேச்சி ஒருநாள் தாங்காமல், "ஏத்தா, அந்த மண்ணு ஒன்ன என்னத்தா செஞ்சுச்சு?" என்று கேட்டேவிட்டாள்.

அதற்குள் அவள் சூளைப் பெண்களிடம் தமிழ் கற்றிருந்தாள். கற்றது முழுக்கச் சூளைத் தமிழ். "உள்ளாற காத்து ஒளிஞ்சிருக்கும்க்கா. நம்ம அடிச்சு வெளிய கொண்டாரணும். இல்லைன்னா தீயில அது நம்மள அடிக்கும்." வயிற்றுக்கு அடியில் ஓட்டை போடுவதும் அதற்காகத்தான். மூடிய பானைக்குள் அடைபட்ட காற்று, தீ பிடித்ததும் பானையைச் சிதறடித்துவிடும்.

அவளோடு எங்களுக்கு வந்த பெரிய சண்டை அந்த முதல் சிங்கத்தால்தான் வந்தது. சில மாதம் கழித்துச் சூளையிலிருந்து எடுத்தபோது வெந்து சிவந்து, பல்லெல்லாம் பளிச்சென்று, நிஜமாகவே அழகாக இருந்தது. அதற்கு வேலை என்ன என்று எங்கள் ஆட்கள் யாரும் கேட்கவில்லை. சிங்கம் என்றால் ஆத்தாளின் வாகனம், அதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது? நெற்றியில் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் குத்தி, கொட்டகை மூலையில் சூடம் காட்டிவிட்டார்கள். மேஸ்திரி கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவள் வந்து, சிங்கத்தை எடுத்து, விரல் முட்டியால் வயிற்றில் தட்டினாள். சத்தம் பிடிக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத கீறல். தூக்கித் தரையில் ஓங்கி அடித்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல வேண்டுமா? மேஸ்திரி மண்வெட்டியோடு வந்தார். பெண்கள் தலையில் அடித்துக்கொண்டு ஓலமிட்டார்கள். நான் குறுக்கே விழுந்து, ஒரு அடி எனக்கும் பட்டது. டாக்டர் தம்பிக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னால், அவன், "அண்ணே, அது சாமி இல்லண்ணே. சாராயச் சாடி. அவுக ஊரு விசேசத்துல வயித்து ஓட்டைல ஊத்தி, தக்கை வச்சு அடைச்சு, வாய் வழியா டம்ளர்ல சாய்ப்பாக" என்றான். சாராயச் சாடிக்குச் சூடம் காட்டியிருக்கிறோம்! மேஸ்திரி அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார், நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அவள் மட்டும் சிரிக்கவில்லை. "கீறல் இருக்கு. நான் செஞ்சதுல கீறல். நான்தான் ஒடைக்கணும். வேற யாரு ஒடைப்பா?" என்றாள்.

மிருகங்களுக்கு மனுஷ முகம் ஏன் என்று கேட்டேன். "எங்க ஊருக் கொசவன் எவனும் சிங்கத்தப் பாத்ததில்ல. பக்கத்து வீட்டுக்காரனப் பாத்திருக்கான்" என்றாள். இப்போதெல்லாம் அங்கே அவரவர் இஷ்டத்துக்குச் செய்கிறார்களாம். காளை, ஆட்டுக்கடா, குதிரை, பேர் இல்லாத மிருகம் கூட உண்டாம். எங்கள் பக்கம் வந்த பிறகு அவள் காட்டுமாடு செய்தாள், யானை செய்தாள். முகங்கள் எல்லாம் எங்களுடையவை. அவளிடம் அறை வாங்கிய டிரைவர் மீசையோடு ஆட்டுக்கடாவாக வந்தான். அவனே அதை வாங்கிக்கொண்டு போய் லாரியின் முன்கண்ணாடிக்குக் கீழே வைத்திருந்தான். "அண்ணே, அடிச்ச ஆளு நம்மள மறக்கல பாத்தீகளா" என்று அவனுக்கு ஒரே பெருமை.

அவளுக்கு ஒரு தம்பி. அவனும் ஒபிஷ்னியாவில் மண் பிசைந்தவன்தான், பட்டாளத்துக்குப் போயிருந்தான். அவன் செத்த சேதி வந்த மறுநாள் அவள் சூளைக்கு வந்தாள். கொட்டகையில் இருப்பதையெல்லாம் உடைக்கப் போகிறாள் என்று நான் கடப்பாரையை எடுத்து ஒளித்துவைத்தேன். அவள் எதையும் தொடவில்லை. முத்துப்பேச்சி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, முதுகைத் தடவி, "தம்பி தவறிட்டாராம்ல ஆத்தா" என்றாள்.

"தவறிட்டாருன்னா?"

"செத்துப்போனாருன்னு மரியாதையா சொல்றது."

அவள் முத்துப்பேச்சியின் கையை எடுத்துக் கீழே வைத்தாள். "அப்புடிச் சொல்லாதீகக்கா. கொன்னாக. ஒருத்தன் பட்டன அமுக்குனான். அவனுக்குக் கை இருக்கு, பேரு இருக்கு. நீங்க தவறிட்டாருன்னு சொன்னா, அவன் கையக் கழுவிட்டுச் சோறு திங்கப் போயிருவான்."

எனக்கு அன்றைக்குத்தான் அவளைக் கொஞ்சம் புரிந்தது. கூடவே பயமும் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

சூளையில் வளர்ந்த ஒரு செவலை நாய் அவளோடு ஒட்டிக்கொண்டது. நாங்கள் தின்று போடும் மிச்சத்தில் வளர்ந்ததால் அதற்குப் பேர் பரோட்டா. சாயங்காலம் ஸ்கூட்டருக்குப் பின்னாலேயே ஓடி, அவள் வீட்டில் படுத்துவிட்டுக் காலையில் அவளோடு வேலைக்கு வரும்.

அவள் வீட்டுக்குப் பின்னால் ராசாங்கத்தின் வாழைத் தோட்டம். காட்டுப்பன்றி எங்கள் பக்கத்தில் செய்யும் அட்டூழியம் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. விடிந்து போய்ப் பார்த்தால் வைத்த கன்று ஒன்று பாக்கி இல்லாமல் உழுது போட்டிருக்கும். ராசாங்கம் மனு மேல் மனு கொடுத்து அலுத்துப்போய், அவுட்டுக்காய் வைத்துவிட்டார். பன்றி தின்னும் பண்டத்துக்குள் வெடிமருந்தைப் பொதிந்து வைப்பது; கடித்தால் வாயிலேயே வெடிக்கும். சட்டப்படி குற்றம்தான். ஆனாலும் வைக்கிறவர்கள் வைக்கிறார்கள்.

காலையில் டீ குடிக்கப் போகிற வழியில் அவள் வீட்டு வாசலில் கூட்டம் நிற்கக் கண்டு வண்டியை நிறுத்தினேன். பரோட்டா நின்றுகொண்டிருந்தது. அதற்குக் கீழ்த்தாடை இல்லை. தோட்டத்திலிருந்து வாசல் வரை நடந்தே வந்திருக்கிறது, வழியெல்லாம் ரத்தம். வாலை ஆட்டியது. அதை நான் பார்த்திருக்க வேண்டாம். அவள் அதன் தலையை மடியில் வைத்து அதன் காதில் அவள் பாஷையில் என்னவோ சொன்னாள். பிறகு உள்ளே போய் உலக்கையை எடுத்து வந்தாள். எங்களில் ஒரு ஆம்பளைக்கும் அதைச் செய்யத் தைரியம் இல்லை. ஒரே அடிதான். அப்புறம் நாய் அசையவில்லை.

அவள் அதே உலக்கையோடு ரோட்டில் நடந்தாள். நான் வண்டியைத் தள்ளிக்கொண்டே பின்னால் ஓடினேன். டீக்கடை பெஞ்சில் ராசாங்கம் உட்கார்ந்திருந்தார்.

"நீங்கதான வெடி வச்சீக?" என்றாள்.

"எந்த வெடி?"

"பன்னி வெடி. நாய் கடிச்சுருச்சு."

ராசாங்கம் டம்ளரை ஊதினார். "எவன் வச்சானோ? நாயி கண்டதையும் திங்கும். அதுபாட்டுக்குப் போயிக் கடிச்சிருக்கும். அதுக்கு நான் என்ன பண்ண?"

வச்சேன் என்று அவர் சொல்லியிருந்தால் அவள் அடித்திருக்க மாட்டாள் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். உலக்கை அவர் தோளில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. டம்ளர் உடைந்து, கொதிக்கிற டீ அவர் மடியில் கொட்டி, அவர் அலறிக்கொண்டு கீழே உருண்டார். அவள் மறுபடி ஓங்கினாள். தலைக்குத்தான் ஓங்கினாள். நான் உலக்கையின் நுனியைப் பிடித்துத் தொங்காவிட்டால் அது கொலை. என் உள்ளங்கைத் தோல் உரிந்துபோனது. அவள் மூச்சு வாங்க நின்று, கடையில் இருந்த எல்லாரையும் பார்த்து, "நான் அடிச்சேன்" என்றாள்.

போலீஸுக்குச் சேதி போய்விட்டது. டாக்டர் தம்பி ராத்திரி என் வீட்டுக்கு வந்து அழுதான். அவள் இங்கே தங்குவதற்கான அனுமதி முடியப்போகிறது, நீட்டிப்புக்கு எழுதிப் போட்டிருக்கிறார்கள், இந்த நேரத்தில் அடிதடி கேஸ் பதிவானால் நீட்டிப்பு கிடைக்காது என்று வக்கீல் சொல்லிவிட்டாராம். "திருப்பி அனுப்பிருவாகண்ணே. அங்கன தெனமும் குண்டு விழுகுது. இருக்கற ஒரு தம்பியும் போயிட்டான். அவளப் பலி குடுக்கச் சொல்றீகளா?"

மறுநாள் கோவில் முன்னால் கூடினோம். ராசாங்கத்தின் பெண்சாதி பஞ்சவர்ணம் கூட்டத்தில் எழுந்து, "என் புள்ளைக அந்தத் தோட்டத்து வழியாத்தான் பள்ளிக்கூடம் போகுது. வெடி வைக்காத வைக்காதன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். நாய்க்குப் பதிலா என் புள்ள மிதிச்சிருந்தா? அந்தம்மாவ அனுப்ப நான் சம்மதிக்க மாட்டேன்" என்று அழுதாள். ராசாங்கத்துக்கும் கேஸ் நடந்தால் வெடி வெளியே வந்துவிடும் என்ற பயம். தோளில் கட்டோடு, கேஸ் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

யோசனை சொன்னது நான்தான். ராசாங்கம் தேங்காய் பறிக்க ஏறினார், தென்னைமரத்திலிருந்து விழுந்தார். அந்தத் தொப்பையை வைத்துக்கொண்டு அவர் தென்னைமரம் ஏறியதை யார் நம்புவது என்று மேஸ்திரி கேட்டார். ஊரே பார்த்தது என்றால் நம்பித்தான் ஆக வேண்டும் என்றேன். டீக்கடைக்காரர், டிரைவர், முத்துப்பேச்சி, பஞ்சவர்ணம், எல்லாரும் மரத்தடியில் நின்று பார்த்ததாக முடிவானது. இப்படி ஒற்றுமையாக எங்கள் ஊர் எதையும் செய்ததில்லை.

அந்த நாட்களில் அவள் கொட்டகையில் ஒரு நாய் செய்ய முயன்றாள். உடல் வந்தது, கால் வந்தது, வாய் வரவில்லை. அவள் செய்த எல்லா மிருகமும் வாயைத் திறந்துதான் இருக்கும். இதற்கு வாய் வைப்பாள், பார்ப்பாள், முஷ்டியால் முகத்தை நசுக்குவாள். மறுபடி செய்வாள், மறுபடி நசுக்குவாள். யாரோடும் பேசவில்லை. தென்னைமர விஷயத்தை நாங்கள் அவளிடம் சொல்லவும் இல்லை. "ஸ்டேஷன்ல நீ வாயத் தெறக்காம நின்னாப் போதும்" என்று டாக்டர் தம்பி காலில் விழாத குறையாகக் கேட்டுக் கூட்டிவந்தான்.

இன்ஸ்பெக்டர் நல்ல மனுஷன். அவருக்கும் இதை முடித்து அனுப்பினால் போதும். "தென்னமரத்துலருந்து விழுந்துட்டீக. அப்புடித்தான?" என்றார்.

"ஆமாங்கய்யா" என்றார் ராசாங்கம்.

"எல்லாரும் பாத்தீக?"

பார்த்தோம் என்றோம்.

"எந்த மரம்?" என்றாள் அவள்.

டாக்டர் தம்பி அவள் கையைப் பிடித்தான். அவள் உதறிவிட்டு மேஜைக்கு முன்னால் வந்தாள். "மரம் அடிக்கல சார். நான் அடிச்சேன்."

பஞ்சவர்ணம் ஓடிப்போய் அவள் வாயைப் பொத்தினாள். "ஆத்தா, பேசாதத்தா, ஒனக்காகத்தான் இவ்வளவும்." அவள் அந்தக் கையை மெல்ல விலக்கினாள். எங்களைப் பார்த்துத்தான் பேசினாள். "எனக்காகன்னு தெரியுதுக்கா. ஆனா நான் அடிக்கலைன்னா அவுக வெடி வைக்கல. அவுக வெடி வைக்கலைன்னா நாய் சாகல. அப்ப என் கையில செத்தது என்னது?"

எனக்கு அவளை அங்கேயே நாலு அறை வைக்க வேண்டும் போல இருந்தது. அழுகையும் வந்தது.

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "ஏம்மா, இத எழுதுனா ஒங்கள அனுப்பிருவாக. அங்கன குண்டு போடுறாக. தெரியும்ல?"

"தெரியும்."

"வீட்டுக்குப் போயி நல்லா யோசிச்சுட்டு வாங்க."

"எழுதுங்க சார். நாயையும் எழுதுங்க."

"நாயக் கொன்னது யாரு?"

"பாதி அவுக. மீதி நான்."

இன்ஸ்பெக்டர் ராசாங்கத்தைப் பார்த்தார். ராசாங்கம் தரையைப் பார்த்தார். "வெடி வச்சாரு" என்று பஞ்சவர்ணம்தான் சொன்னாள். இரண்டு கேஸும் பதிவாயின.

நீட்டிப்பு வரவில்லை. டாக்டர் தம்பி வேலையை விட்டுவிட்டு அவளோடு கிளம்பினான். லோயர் கேம்ப் வரை நானும் காரில் போனேன். அங்கிருந்து மலை ஏறி அவர்கள் கொச்சிக்கு விமானம் பிடிக்கப் போனார்கள். இறங்கும்போது, "ஒனக்கு என்ன வந்துச்சு தாயி, ஒரு பொய்தான" என்று கேட்டுவிட்டேன். அவள் தோல் உரிந்து ஆறிய என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்து, "இது நான்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். எனக்கு அவள்மேல் இன்றைக்கும் கோபம்தான். போல்தாவாவில் இருக்கிறார்கள், இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறார்கள் என்று எப்போதாவது டாக்டர் தம்பி போன் பண்ணுவான். போன் வராத வாரங்களில் எனக்குச் சோறு இறங்காது.

போன மாதம் டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். உரக் கம்பெனியிலிருந்து புதிதாக வந்த ஒருவர் ராசாங்கத்துக்கு டம்ளரை நீட்டினார். ராசாங்கத்தால் வலது கையைத் தூக்க முடியாது. இடது கையால் வாங்கினார். "கையில என்னங்க?" என்று அவர் கேட்டார்.

டீக்கடைக்காரர் பழக்கதோஷத்தில், "தென்னமரத்துலருந்து விழுந்துட்டாக" என்றார்.

ராசாங்கம் டம்ளரைப் பெஞ்சில் வைத்தார்.

"எந்த மரத்துலருந்தும் விழல. நான் வெடி வச்சேன். ஒரு அம்மா வளத்த நாயி செத்துச்சு. அந்தம்மா என்னைய அடிச்சுச்சு." கொஞ்சம் நிறுத்தி, உரக் கம்பெனிக்காரர் சரியாகக் கேட்டாரா என்று முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார். "உலக்கையால."